ஆறு மாசம் வாடகை வேணாம்ங்கிறாரு ஓனர், ஆனா வாடகையைக் கொறைக்க மாட்டேங்கிறாரு. ஏன்?

பல்டாக்டர்

எல்லாருக்கும் வணக்கம். சொந்தமா பல் க்ளினிக் போடலாம்னு ரொம்ப நாளா இடம் தேடிட்டு இருந்தேன், இப்ப ஒரு கமர்ஷியல் பில்டிங்ல ரெண்டாவது மாடி அமைஞ்சிருக்கு. லிஃப்ட், பார்க்கிங் எல்லாம் ஓகே, வாடகைதான் நான் நெனச்சதைவிட ஜாஸ்தி. பத்து பர்சென்ட் கொறைங்கன்னு கேட்டேன், ஓனர் பிடி குடுக்கவே இல்ல. ஆனா அவராவே, "வாடகையில கை வைக்க மாட்டேன் டாக்டர், அதுக்குப் பதிலா மொத ஆறு மாசம் வாடகையே வேணாம், உள்வேலை எல்லாம் நிதானமா முடிச்சுட்டு அப்புறம் கட்ட ஆரம்பிங்க"ங்கிறாரு. 5 வருஷ லீஸ், 3 வருஷம் முடிஞ்சதும் வாடகை 15 பர்சென்ட் ஏறும்.

எனக்குப் புரியாதது இதுதான். 60 மாசத்துல பத்து பர்சென்ட்னா அது ஆறு மாச வாடகைதானே. ரெண்டுலயும் அவருக்குப் போறது ஒரே தொகைன்னா ஒண்ணுக்கு சட்டுனு தலையாட்டிட்டு இன்னொண்ணுக்கு ஏன் இவ்ளோ மல்லுக்கட்டணும்? உள்குத்து ஏதாச்சும் இருக்கா? எழுதி வாங்கும்போது எதைப் பாக்கணும்? இன்னும் கையெழுத்து போடல, டிராஃப்ட் மட்டும் வந்திருக்கு.

சும்மா_வந்தவன்

தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க, அதைப் போய் ஒரு பல் டாக்டர்கிட்ட சொன்னா கேப்பாங்களா 😀 ஆறு மாசம் ஃப்ரீன்னா வாங்கிப் போடுங்க மேடம், இதுல என்ன யோசனை.

சாவிக்கொத்து

மேல எழுதுன நண்பருக்கு, இதுல தானம்லாம் ஒண்ணும் இல்லீங்க, வாங்கிட்டு வட்டியோட திருப்பிக் கட்டுற சமாச்சாரம். வட்டி கம்மி, அதனால சில பேருக்கு லாபம்தான். நான் வாடகைக்கு எடுக்கறவங்க பக்கம் நின்னு ஆபீஸ், கடை லீஸெல்லாம் பேசி முடிச்சுக் குடுக்கற வேலை பாக்கறேன், இந்தப் பேச்சு வராத டீலே கெடையாது.

டாக்டர், கணக்கைப் போட்டே பாத்துடுவோம். மாச வாடகை 100ன்னு வெச்சுக்குங்க. ஓனர் சொல்றபடி மொத 6 மாசம் கெடையாது, 7லேருந்து 36 வரைக்கும் 30 மாசம் நூறு நூறா 3000, 37லேருந்து 60 வரைக்கும் 24 மாசம் 115 வீதம் 2760, ஆக மொத்தம் 5760. நீங்க கேட்டபடி 90ன்னு ஆரம்பிச்சா 36 மாசத்துக்கு 3240, அப்புறம் 24 மாசத்துக்கு 103.5 வீதம் 2484, ஆக 5724. அஞ்சு வருஷத்துல வித்தியாசம் வெறும் 36. உங்க கணக்கு கிட்டத்தட்ட சரிதான்.

ஆனா பணம் எப்ப கையை விட்டுப் போகுதுன்னு பாத்தா கதை மாறும். உங்க வழியில மொத ஆறு மாசமும் 90 கட்டியிருப்பீங்க, ஆறு மாச ஃப்ரீன்னா அந்த 540 உங்க கையில நிக்குது, அதைப் பின்னாடி 54 மாசத்துல கொஞ்சம் கொஞ்சமா 576ஆ திருப்பிக் கட்டறீங்க. வட்டியாப் பாத்தா வருஷத்துக்கு ஏறக்குறைய ரெண்டரை பர்சென்ட்தான் வரும். சேர், கம்ப்ரசர், எக்ஸ்ரே மெஷின்னு எல்லாத்துக்கும் லோன் போடப் போற நேரத்துல அந்த வட்டிக்கு யாரும் காசு தர மாட்டாங்க. அதனால அஞ்சு வருஷம் முழுசா இருந்துட்டுக் கெளம்பறதா இருந்தா ஓனர் சொல்றதே உங்களுக்கு நல்லது.

கெளம்பலன்னாதான் சிக்கல். அஞ்சு வருஷம் முடிஞ்சு ரின்யூ பண்றப்ப இன்னொரு 15 பர்சென்ட் ஏத்தறாருன்னு வைங்க, அவர் வழியில வாடகை 132.25, உங்க வழியில 119 சொச்சம். மாசம் 13க்கு மேல கூட. அடுத்த மூணு வருஷத்துலயே ஆரம்பத்துல மிச்சம் புடிச்ச 540ல பெரும்பங்கு திரும்பிப் போயிடும். பல் க்ளினிக் ஒரு எடத்துல வேர் புடிச்சா எழும்பாது, பேஷன்ட்ஸ் எடம் பாத்துதானே வருவாங்க. ஓனருக்கு அது நல்லாவே தெரியும். ஃப்ரீ மாசம் ஒரே ஒரு தடவைதான் வரும், வாடகை எந்த நம்பர்ல நிக்குதோ அதுலேருந்துதான் பின்னாடி எல்லாமே ஏறும்.

டெபாசிட்டும் மாச வாடகையோட மடங்குலதான் கேப்பாங்க, அதுவும் 90க்குப் பதில் 100ஐ வெச்சுதான் போடுவாங்க. புரோக்கர் கமிஷனும் அதே.

கட்டடக்காரன்

ஓனர் பக்கத்துலேருந்து ஒருத்தன் பேசறேன், கல்லெடுத்து அடிக்காதீங்க.

எனக்கு ஒரு சின்ன பில்டிங் இருக்கு, அதுல அஞ்சாறு வாடகைதாரர். டாக்டர் கேட்ட கேள்விக்கு நேர் பதில் என்னன்னா, பில்டிங்கோட மதிப்பு வாடகையை வெச்சுதான் வரும். கமர்ஷியல் எடத்துக்கு வேல்யூவேஷன் போடறப்ப வருஷ வாடகையை எடுத்து ஒரு யீல்டால, அதாவது போட்ட காசுக்கு வருஷத்துக்கு இத்தனை பர்சென்ட் வரணும்ங்கற கணக்கால, வகுப்பாங்க. உங்க நூத்துக்கணக்கையே எடுத்துக்கங்க, மாசம் 100ன்னா வருஷம் 1200, யீல்டு 8 பர்சென்ட்னா மதிப்பு 15,000. வாடகையை 90 ஆக்கினா வருஷம் 1080, மதிப்பு 13,500. ஆக பத்து பர்சென்ட் கொறைச்சா பேப்பர்ல எனக்கு 1500 அவுட்டு. ஆறு மாசம் ஃப்ரீ குடுத்தா 600 போகும், அதோட முடிஞ்சுது. நாளைக்கு நான் விக்கப் போனாலும் சரி, பேங்க்ல அடமானம் வெச்சு லோன் கேட்டாலும் சரி, அவன் பாக்கறது லீஸ்ல எழுதியிருக்கற வாடகையைத்தான்.

ரெண்டாவது, பக்கத்து ஆளுங்க. மூணாவது மாடிக்காரர் 100 குடுக்கறாரு, உங்களுக்கு 90ன்னு விட்டா வாட்ச்மேன் மூலமா மறுநாளே அவருக்குத் தெரிஞ்சுடும், அடுத்த ரின்யூவல்ல அவரும் 90ல வந்து நிப்பாரு. ஃப்ரீ மாசம்னா "அவங்க உள்வேலை பாத்தாங்க சார், அதுக்குக் குடுத்த டைம்"னு சொல்லிச் சமாளிச்சுடலாம்.

மூணாவது, எப்படியும் அந்த எடம் காலியாத்தான் கெடக்குது. நீங்க வரலன்னா இன்னும் எவ்ளோ நாள் காலியா இருக்கும்னு எனக்கே தெரியாது. கையில இல்லாத வாடகையைத்தானே விட்டுக் குடுக்கறேன். அதோட ஒரு பல் டாக்டர் தரையைத் தோண்டி பைப் போட்டு, எக்ஸ்ரே கதிர் வெளிய போகாம செவுத்துக்கு ஷீல்டிங் பண்ணி, அவ்ளோ செலவு பண்ணிட்டாருன்னா சாமானியத்துல காலி பண்ண மாட்டாரு. டி-ஷர்ட் கடைக்கு நான் ஆறு மாசம் குடுக்க மாட்டேன், டாக்டருக்குக் குடுப்பேன்.

சாவிக்கொத்து

@கட்டடக்காரன் மனசு விட்டுச் சொன்னதுக்கு நன்றி சார். ஒரே ஒரு எதிர்வாதம். சரியான வேல்யூயர் லீஸ்ல எழுதின வாடகையை அப்படியே தூக்கிப் போட மாட்டாரு, ஃப்ரீ மாசம், ஓனர் செலவுல செஞ்சு குடுத்த வேலை எல்லாத்தையும் கழிச்சு எஃபெக்டிவ் வாடகை என்னன்னு பாத்துதான் ரிப்போர்ட் எழுதுவாரு. லீஸை முழுசாக் காட்டினா 1500 காப்பாத்தலாம்ங்கற கணக்கு முழுசா நிக்காது. காட்டாம விடறதுதான் இங்க பிரச்சனையே, அதுக்குத்தான் பல பேரு ஃப்ரீ மாசத்தை லீஸ்ல எழுதாம தனியா ஒரு லெட்டர்ல எழுதிக் குடுக்கறாங்க. டாக்டர், உங்க டிராஃப்ட்ல அது எங்க இருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.

உளியும்சுத்தியலும்

நான் இன்டீரியர் காண்ட்ராக்டர், க்ளினிக் வேலைதான் ஜாஸ்தி செய்யறேன். வட்டிக் கணக்கெல்லாம் மேல சொன்னவங்க பாத்துக்கட்டும், எனக்கு அந்த ஆறு மாசம் எந்தத் தேதியிலேருந்து ஓட ஆரம்பிக்குதுங்கறதுதான் கவலை.

டாக்டருக்குத் தெரிஞ்சதுதான், இருந்தாலும் மத்தவங்களுக்காகச் சொல்றேன். ஒவ்வொரு டென்டல் சேருக்கும் அடியில தண்ணி லைன், கழிவு லைன், ஏர் லைன், சக்‌ஷன் லைன், கரன்ட் அஞ்சும் தரைக்குள்ளாற வந்து ஒரே எடத்துல மேல ஏறணும். ஆபீஸுக்குன்னு போட்ட தரையில இதுக்கு வழி இருக்காது. ஒண்ணு தரையை மேல தூக்கணும், இல்ல ஸ்லாபை ஓட்டை போட்டுக் கீழ்மாடி சீலிங் வழியா கழிவு பைப்பை எடுத்துட்டுப் போகணும். ஓட்டை போடணும்னா ஓனரோட எஞ்சினியர் டிராயிங்கைப் பாத்து ஓகே சொல்லணும், கம்பி எங்க ஓடுதுன்னு பாக்காம எவனும் கை வைக்க விட மாட்டாங்க. கீழ்மாடி ஆளு அவரு சீலிங்கைக் கழட்ட ஒத்துக்கணும், அவரு பகல்ல வேலை செய்யாதேம்பாரு. எக்ஸ்ரே ரூமுக்கு அந்தந்த எடத்துக் கதிரியக்க அனுமதி தனி. கம்ப்ரசரை எங்க வைக்கறதுங்கற சண்டை தனி, சத்தம் வரும்னு மொட்டை மாடிக்குப் போகச் சொல்லுவாங்க, மொட்டை மாடி உங்க லீஸ்ல இருக்காது.

நான் பாத்த ஒரு க்ளினிக்ல, சாவி குடுத்த அன்னைக்கே ஃப்ரீ பீரியட் ஆரம்பிச்சுடுச்சுன்னு எழுதியிருந்தாங்க. டிராயிங் ஓனர் ஆபீஸ் மேஜையில கெடந்தே ரொம்ப நாள் போச்சு, அப்புறம் பில்டிங்ல கரன்ட் லோடு பத்தலன்னு தெரிஞ்சு அதுக்கு அப்ளிகேஷன் போட்டுக் காத்திருந்தாங்க. சேர் வந்து பேக்கிங்கோட ஓரமா நிக்குது, வாடகை பில் வந்துடுச்சு. டாக்டர் பாவம், ஃப்ரீ மாசம் பூரா தூசிலதான் போச்சு.

அதனால தேதியைக் கட்டறப்ப "எடத்தைக் காலியா ஒப்படைச்சு, கேட்ட கரன்ட் லோடு குடுத்து, டிராயிங்குக்கு எழுத்துல அனுமதி குடுத்த நாள்லேருந்து" அப்படின்னு வாங்குங்க. ஓனர் "அப்ப நீங்க டிராயிங்கே குடுக்காம இழுத்தடிச்சா?"ன்னு கேப்பாரு, அது நியாயமான கேள்வி, சாவி வாங்கின இத்தனை நாளுக்குள்ள டிராயிங் குடுக்கறேன், நீங்க இத்தனை நாளுக்குள்ள பதில் சொல்லணும்னு ரெண்டு பக்கமும் கெடு போட்டுக்கங்க.

கணக்குப்பிள்ளை

அக்கவுன்ட்ஸ் பக்கம் யாரும் தொடல போல. ஃப்ரீ மாசத்துல செலவே இல்லன்னு புக்ஸ்ல எழுத முடியாது, இது நெறைய பேருக்கு அதிர்ச்சியா இருக்கும்.

பழைய இன்டர்நேஷனல் அக்கவுன்டிங் ரூல்ல, எஸ்ஐசி 15ன்னு 1998ல வந்த ஒரு விளக்கம் இருந்துச்சு. ஓனர் குடுக்கற சலுகை எந்த ரூபத்துல வந்தாலும் சரி, ஃப்ரீ மாசமோ, ரொக்கமோ, பழைய எடத்து லீஸை அவரே ஏத்துக்கறதோ, அது புது லீஸோட மொத்த வாடகைப் பேச்சுல ஒரு பாகம், அதனால லீஸ் காலம் முழுக்கப் பரப்பித்தான் காட்டணும்னு சொல்லிட்டாங்க. மேல சாவிக்கொத்து போட்ட 5760ஐ 60ஆல வகுத்தா 96. அந்த ரூல்படி ஒரு பைசா கட்டாத மொத மாசத்துலயும் செலவு 96, 115 கட்டற கடைசி மாசத்துலயும் 96.

2019 ஜனவரி 1லேருந்து அதுக்குப் பதிலா ஐஎஃப்ஆர்எஸ் 16ங்கற புது ரூல் வந்துடுச்சு, வாடகைக்கு எடுக்கறவங்க பக்கம் இப்ப வேற மாதிரி. 60 மாசத்துல கட்டப் போறதையெல்லாம் இன்னைய மதிப்புக்குக் கொண்டு வந்து ஒரு கடனாவும், அந்த எடத்தைப் பயன்படுத்துற உரிமையை ஒரு சொத்தாவும் காட்டணும். ஃப்ரீ மாசம் இருந்தா கட்டற தொகை கொறையுது, கடனும் கொறைவா வருது, அவ்ளோதான். ஆனா தேய்மானமும் வட்டியும் எந்தத் தேதியிலேருந்து ஆரம்பிக்குதுன்னா ஓனர் எடத்தைப் பயன்பாட்டுக்குக் குடுத்த தேதி, வாடகை கட்ட ஆரம்பிக்கற தேதி இல்ல. சேர் மாட்டி முடியல, ஒரு பேஷன்ட்கூட வரல, லாப நஷ்டக் கணக்குல மட்டும் செலவு ஓடிட்டு இருக்கும். அமெரிக்காவோட அக்கவுன்டிங் ரூல் ஏஎஸ்சி 842ல ஆப்பரேட்டிங் லீஸ்னா (சாதாரண வாடகை மாதிரியான லீஸ்) செலவை இன்னும் சமமாப் பரப்பித்தான் காட்டறாங்க.

ஓனர் பக்கம் பெருசா மாறல, அவரு வாடகை வருமானத்தை லீஸ் காலம் முழுக்கச் சமமாப் பரப்பணும். கட்டடக்காரன் சார் கம்பெனியா இருந்து இந்த ரூல்ல கணக்கு எழுதினா, கையில காசு வராத ஆறு மாசத்துக்கும் மாசம் 96 வருமானம்னு காட்டணும்.

உங்க க்ளினிக் சைஸுக்கு எந்த ஸ்டாண்டர்டு பொருந்தும்ங்கறதை உங்க ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கங்க, சின்ன நிறுவனங்களுக்குத் தனி ரூல் இருக்கு. பேங்க்ல லோன் கேக்கப் போறீங்கன்னா மட்டும் முன்கூட்டியே கேளுங்க, மொத வருஷக் கணக்கு நீங்க நெனச்சதைவிட மோசமாத் தெரியும்.

பல்டாக்டர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ விவரமா எதிர்பாக்கல. உளி அண்ணே, நீங்க சொன்ன அஞ்சு லைனையும் படிச்சதும் வயித்தைக் கலக்கிடுச்சு, கரன்ட் லோடைப் பத்தி நான் கேக்கவே இல்ல, நாளைக்குக் காலையில மொத வேலை அதுதான்.

டிராஃப்டைத் திரும்பப் படிச்சேன். சாவிக்கொத்து சார் சந்தேகப்பட்டது சரி, லீஸ்ல ஆறு மாசத்தைப் பத்தி ஒரு வரிகூட இல்ல, தனி லெட்டர்ல இருக்கு. அந்த லெட்டர்ல ரெண்டு விஷயம் கண்ணுல பட்டுச்சு. ஒண்ணு, லீஸ்ல உள்ள எந்த நிபந்தனையை நான் மீறினாலும் ஆறு மாச வாடகையையும் உடனே மொத்தமாத் திருப்பிக் கட்டணுமாம். ரெண்டு, மெயின்டனன்ஸ் சார்ஜ் மொத நாள்லேருந்தே உண்டு. லீஸ்ல 3 வருஷத்துக்கு அப்புறம் ஏறும்னு இருக்கு, எதுலேருந்து மூணு வருஷம்னு தெளிவா இல்ல. நடுவுல காலி பண்ணணும்னா 3 வருஷ லாக்-இன் (அதுவரைக்கும் காலி பண்ண முடியாது) முடிஞ்சு நோட்டீஸ் குடுக்கலாம்.

சாவிக்கொத்து

மெயின்டனன்ஸ் பரவால்ல, பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். வாடகை ஃப்ரீன்னா வாடகை மட்டும்தான், லிஃப்ட், வாட்ச்மேன், பொது கரன்ட், வரியில உங்க பங்கு எல்லாம் ஓடிட்டுதான் இருக்கும். உள்வேலை முடியறவரைக்கும் பாதி போடுங்கன்னு கேட்டுப் பாக்கலாம், கெடைச்சா லாபம்.

திருப்பிக் கட்டற ஷரத்துதான் மோசம். மறுபடியும் நூத்துக்கணக்குக்கு வருவோம். 36 மாசம் ஆனதும் ஏதோ நிபந்தனை மீறினதுல லீஸ் முறிஞ்சு நீங்க காலி பண்றீங்கன்னு வைங்க. இதுவரைக்கும் கட்டினது 3000, ஒரு மாசத்துக்குச் சராசரி 83தான். ஓனர் அதை ஏத்துக்க முடியாது, ஆறு மாசம் குடுத்ததே அஞ்சு வருஷம் இருப்பீங்கன்னுதான். அப்ப நியாயம் என்ன, மிச்சம் இருக்கறது 24 மாசம், 60ல 24 பங்கு, ஆறு மாசத்துல அந்தப் பங்கு 2.4 மாச வாடகை, 240. அதைக் குடுத்துட்டுப் போனா மொத்தம் 3240. இது நீங்க மொதல்ல கேட்ட 90 வாடகைக்கு 36 மாசத்துக்கு என்ன வருமோ அச்சு அசலா அதே தொகை. யாருக்கும் நஷ்டம் இல்ல. உங்க லெட்டர்ல இருக்கறபடி 600ஐயும் குடுத்தா 3600, அதாவது 36 மாசமும் முழு 100. சலுகைன்னு ஒண்ணு நடந்ததாவே ஆகாது. அதனால "மிச்ச காலத்துக்கு ஏத்த பங்கு மட்டும்"னு மாத்தச் சொல்லுங்க.

"எந்த நிபந்தனையை மீறினாலும்"ங்கறது இன்னும் ஆபத்து. ஒரு மாசம் வாடகை நாலு நாள் லேட்டு, இல்ல போர்டு ஒரு அடி பெருசா வெச்சுட்டீங்க, அதுக்கு ஆறு மாச வாடகையா? நோட்டீஸ் குடுத்து, சரி பண்ண டைம் குடுத்து, அப்பவும் சரி பண்ணாம அதனாலயே லீஸ் முறிஞ்சாத்தான்னு போடணும்.

ஏத்தற தேதி, இதுல உங்களுக்குக் காசு இருக்கு. லீஸ் ஆரம்பிச்ச நாள்லேருந்து மூணு வருஷம்னா 100 வீதம் நீங்க கட்டறது 30 மாசம்தான், மேல போட்ட 5760 அந்தக் கணக்கு. வாடகை ஆரம்பிச்ச நாள்லேருந்து மூணு வருஷம்னா 36 மாசம் 100, மிச்சம் 18 மாசம் 115, மொத்தம் 5670. நீங்க மொதல்ல கேட்ட பத்து பர்சென்ட் தள்ளுபடியையே (5724) இது தோக்கடிச்சுடும். ஒரே ஒரு வார்த்தை, 90 மிச்சம். டிராஃப்ட்ல தெளிவா இல்லன்னா கேக்க இதுதான் நேரம்.

அடுத்து சைடு லெட்டர். நாளைக்கு ஓனர் பில்டிங்கை வித்துட்டாருன்னா புது ஓனர் கையில லீஸ் இருக்கும், லெட்டர் இருக்காது. "எனக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, லீஸ்படி வாடகை எடு"ம்பாரு. சட்டம் ஊருக்கு ஊரு மாறும், ஆனா அந்தச் சண்டைக்கே ஏன் போகணும், லீஸுக்குள்ள ஏத்தச் சொல்லுங்க. முறையா நடக்கற விற்பனையில, ஃப்ரீ பீரியட் பாக்கி இருந்தா அந்த மாசங்களோட வாடகையை விக்கறவரே வாங்கறவருக்கு ஈடுகட்டிக் குடுப்பாரு, அதுக்கும் லீஸ்ல எழுதியிருந்தாத்தான் வழி.

சும்மா_வந்தவன்

சரிங்க, நான் மாட்டோட பல்லைப் பாக்கச் சொன்னதா வெச்சுக்கங்க. ஒரு டவுட். ரின்யூவல்ல "அன்னைக்கு மார்க்கெட் வாடகை"ன்னு போட்டுட்டா இந்த 132, 119 சண்டையே இருக்காதே?

கணக்குப்பிள்ளை

அங்கதான் பெரிய சண்டையே நடந்திருக்கு. மார்க்கெட் வாடகைன்னா எது, பக்கத்து பில்டிங்காரன் லீஸ்ல எழுதியிருக்கற 100ஆ, இல்ல அவனுக்குக் குடுத்த ஃப்ரீ மாசத்தைக் கழிச்சு வர்ற 90ஆ?

இங்கிலாந்துல 90கள் ஆரம்பத்துல ரியல் எஸ்டேட் படுத்துக் கெடந்தப்ப ஓனருங்க எழுதின வாடகையைக் கொறைக்காம நீள நீளமா ஃப்ரீ பீரியட் குடுத்துத் தள்ளினாங்க. அப்புறம் பழைய வாடகைதாரருங்களுக்கு லீஸ் நடுவுல வாடகையைத் திருத்தற ரிவ்யூ வந்தப்ப "பாரு, மார்க்கெட் வாடகை இவ்ளோ"ன்னு அந்த ஊதிப்போன நம்பரைக் காட்டிக் கேட்டாங்க, ஃப்ரீ பீரியட் எதுவும் கையில வராத ஆளுங்ககிட்ட. 90கள் நடுவுல கோர்ட் ஆஃப் அப்பீல்ல இந்த மாதிரி நாலு வழக்கை ஒண்ணாச் சேத்து விசாரிச்சாங்க. ஷரத்துல வார்த்தை தெளிவா வேற வழி விடலன்னாத்தான் அந்த ஊதின நம்பர், இல்லன்னா வாடகைதாரர் கையில வராத சலுகைக்கு அவரை வாடகை கட்ட வைக்கக் கூடாதுங்கற மாதிரிதான் தீர்ப்பு போச்சு. நாலுல ஒண்ணுல மட்டும் ஓனர் ஜெயிச்சாரு, அங்க எழுதின வாசகம் அப்படி. அதனால மார்க்கெட் வாடகைன்னு போட்டா "மத்தவங்களுக்குக் குடுத்த வாடகையில்லாக் காலம், ரொக்கச் சலுகை எல்லாத்தையும் கழிச்சு வர்ற வாடகை"ன்னு சேத்து எழுதுங்க.

பல்டாக்டர்

இன்னைக்கு ஓனரைப் பாத்துட்டு வந்தேன். கரன்ட் லோடு பத்தாது, அவர் செலவுல ஏத்தித் தரேன்னுட்டாரு, டிராயிங் அனுமதி குடுத்த நாள்லேருந்து கணக்குங்கறதுக்கும் ஒத்துக்கிட்டாரு. பங்கு பிரிச்சுத் திருப்பிக் கட்டறதும் ஓகே, எல்லாத்தையும் லீஸ்லயே எழுதறேன்னு சொல்லிட்டாரு, பேங்க்காரன் பாத்தா பாத்துக்கட்டும்னாரு. ஏத்தற தேதிக்கு மட்டும் முடியாதுங்கறாரு, லீஸ் ஆரம்பிச்ச நாள்லேருந்துதான்னு ஒரே புடி. பதிலுக்கு அவர் ஒண்ணு கேக்கறாரு: ஆறு மாசம் முழு ஃப்ரீக்குப் பதிலா மூணு மாசம் முழு ஃப்ரீ, அடுத்த ஆறு மாசம் பாதி வாடகை. அவருக்கு லோன் தவணை போகுதாம், சீக்கிரம் காசு வரணுமாம். ஒத்துக்கலாமா?

சாவிக்கொத்து

தொகை அதேதான், 300 முழுசா, 300 பாதிப் பாதியா, ஆக 600. உங்க க்ளினிக் எப்ப தொறக்கும்ங்கறதுதான் கேள்வி. உளி அண்ணன் மூணு நாலு மாசத்துல முடிச்சுடுவாருன்னா எனக்கு இந்த வழியே புடிச்சிருக்கு. தொறந்த மொத நாளே க்யூ நிக்காது, பேஷன்ட் ஒண்ணு ரெண்டா வர்ற மாசங்கள்ல பாதி வாடகை நல்லாத் தாங்கும், முழு வாடகை பத்தாவது மாசந்தான் ஆரம்பிக்கும். வேலை இழுத்துடும்னு பயம் இருந்தா வேணாம், பழையபடியே ஆறு மாசத்தைக் கேளுங்க. அவர் இதைக் கேக்கறாருன்னா பதிலுக்கு ஏத்தற தேதியை மறுபடி எடுத்துப் போடுங்க, நடுவுல எங்கயாவது, ஒரு மூணு மாசம் தள்ளியாவது நிக்கும். அதுக்கே 45 மிச்சம்.

உளியும்சுத்தியலும்

ஸ்லாப் ஓட்டைக்கு அனுமதி கையில இருந்தா நாலு மாசம், கீழ்மாடி ஆளு ஒத்துழைச்சா. அவரை மொதல்ல போய்ப் பாருங்க டாக்டர், ஓனரை விட அவருதான் முக்கியம்.

கட்டடக்காரன்

என்கிட்ட வந்து கேட்டிருந்தா மூணு மாசம் தள்ளறதுக்கு ஒத்துக்குவேன், மதிப்புல ஒண்ணும் கொறையாது. டெபாசிட்டை மட்டும் அதே மூச்சுல கொறைக்கச் சொல்லிடாதீங்க, அது வேற நாள் பேசுங்க.